‘சேர்க்கை சரியில்லை’ என்று சொல்வதற்கு முன்

“பையன் நல்லவன்தான் மேடம். சேர்க்கைதான் சரியில்ல.”

பள்ளி மாணவர்களுக்கு மனநல ஆலோசகராக இருக்கும் எனக்கு இந்த வாக்கியம் காதில் விழாமல் ஒரு வாரம் கழிவது அபூர்வம். மதிப்பெண் சரிந்திருக்கும், அல்லது வகுப்பைக் கட் அடித்து மாட்டியிருப்பான், அல்லது பையில் சிகரெட் கிடைத்திருக்கும். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்வார். சில நாள் கழித்து அந்தச் ‘சேர்க்கை’யின் அம்மாவும் வருவார். அவரும் இதையேதான் சொல்வார். இருவரும் மனதாரச் சொல்கிறார்கள்.

ஆசிரியர்கள் சொல்வது வேறு. “நாங்க தொண்டை கிழியக் கத்தினாலும் ஏறாது. ஃப்ரெண்டு ஒரு வார்த்தை சொன்னா போதும்.” இதில் ஆதங்கம் இருக்கிறது. இனி தன்னால் ஆவதொன்றுமில்லை என்ற கைவிரிப்பும் கொஞ்சம் இருக்கிறது. மாணவர்களிடம் ஆசிரியருக்குச் செல்வாக்கு அதிகமா, நண்பர்களுக்கா என்று கேட்பவர்கள், நண்பர்களுக்குத்தான் என்று ஏற்கெனவே முடிவுகட்டிவிட்டுத்தான் என் அறைக்குள் வருகிறார்கள்.

ஓரளவு அது உண்மைதான். 2005-இல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்ததும் காரை நிறுத்திவிடலாம். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் புள்ளி கூடும், ஆனால் எந்த நொடியிலும் குறுக்கே சுவர் வந்துவிடலாம். சக வயதினர் பக்கத்தில் இருந்தபோது, 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆபத்தை எடுத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம், பக்கத்தில் யார் இருந்தாலும் அப்படி ஒரு மாற்றம் வரவில்லை.

என் முன்னால் தனியாக உட்கார்ந்து அவ்வளவு தெளிவாகப் பேசிய பிள்ளை மறுநாளே நாலு பேரோடு சேர்ந்து சுவரேறிக் குதிப்பதைப் பார்த்து ஆரம்ப காலத்தில் நான் மனம் உடைந்திருக்கிறேன். என்னிடம் நடித்தானோ என்று நினைத்திருக்கிறேன். அவன் நடிக்கவில்லை. தனியாக இருக்கும்போது உள்ள நிதானம் நண்பர்கள் பார்க்கும்போது அந்த வயதில் நிற்பதில்லை, அவ்வளவுதான். நண்பர்களின் அழுத்தத்தைத் தாக்குப்பிடிக்கும் திறன் பெரும்பாலும் 14 வயதிலிருந்து 18 வயதுக்குள்தான் வளர்கிறது என்று ஸ்டைன்பெர்க்கின் பிந்தைய ஆய்வு ஒன்று காட்டியது. எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் நாம் எதிர்பார்ப்பது, இன்னும் முளைக்காத ஒன்றை.

ஆனால் நண்பர்கள்தான் ‘கெடுத்தார்கள்’ என்பதை நான் அப்படியே ஏற்பதில்லை. பிள்ளைகள் தங்களைப் போன்றவர்களைத் தேடிப்போய்ச் சேர்கிறார்கள், சேர்ந்த பிறகு இன்னும் ஒத்துப்போகிறார்கள். பதின்பருவ நட்பைப் பற்றி டெனிஸ் கேண்டல் 1978-இலேயே இதை ஆராய்ந்து எழுதினார். இரண்டு அம்மாக்களும் ஒரே வாக்கியத்தைச் சொல்வது இதனால்தான். அப்படியானால் நான் கேட்க வேண்டியது, அவன் ஏன் அந்தக் கூட்டத்தைத் தேடிப் போனான் என்பது.

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டு, அடிக்கடி புகாருக்கு உள்ளான ஆறு மாணவர்களை ஒரு குழுவாக்கி வாரம் ஒரு மணி நேரம் உட்காரவைத்தேன். மனம்விட்டுப் பேசட்டும், ஒருவருக்கொருவர் துணையாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு மாதத்தில் புகார்கள் கூடின. அதுவரை வெவ்வேறு வகுப்புகளில் முகப் பழக்கம்கூட இல்லாமல் இருந்தவர்களை நானே நண்பர்களாக்கிவிட்டிருந்தேன். ஒருவன் தன் வீரப்பிரதாபத்தைச் சொல்வான், மற்ற ஐந்து பேரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புதான் அந்த அறையில் கிடைத்த பரிசு. அடுத்த வாரம் இன்னொருவன் அதைவிடப் பெரிய கதையோடு வருவான். இதைத் தாமஸ் டிஷியனும் ஜோன் மெக்கார்டும் இன்னொருவரும் சேர்ந்து 1999-இலேயே எழுதி எச்சரித்திருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சிறுவர்கள் வழிதவறாமல் தடுக்க அமெரிக்காவில் 1939-இல் தொடங்கிய ஒரு பெரிய திட்டத்தில், உதவி பெற்ற சிறுவர்களுக்கே பிற்காலத்தில் அதிகத் தீங்கு நேர்ந்திருந்தது. குறிப்பாக, ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோடை முகாமுக்குச் சேர்த்து அனுப்பப்பட்டவர்களுக்கு. ‘சேட்டை பண்றவங்க எல்லாரும் ஒரே செக்‌ஷன்’ என்று பிரிக்கும் பள்ளிகளைப் பார்த்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சரி, ஆசிரியருக்கு என்னதான் இருக்கிறது? நிறைய இருக்கிறது. ராபர்ட் ரோசென்தாலும் லெனோர் ஜேகப்சனும் 1960-களில் ஒரு தொடக்கப் பள்ளியில் செய்த சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல எடுத்த சில பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்து, ‘இந்தப் பிள்ளைகள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறுவார்கள்’ என்றார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் உண்மையிலேயே மற்றவர்களைவிட அதிகமாக உயர்ந்தது. அந்த ஆய்வுமீது விமர்சனங்கள் உண்டு, பின்னால் வந்த ஆய்வுகளில் விளைவு சிறிதாகவே தெரிந்தது. ஆனால் ஹவாயின் காவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த எம்மி வெர்னரும், மோசமான சூழலிலிருந்து மீண்டு வந்தவர்களின் வாழ்வில் அக்கறையுள்ள ஒரு பெரியவர் இருந்ததைக் கண்டார். பலருக்கு அது ஓர் ஆசிரியர். என்னிடம் வரும் பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கிறேன். ‘எனக்குக் கணக்கு வராது’ என்று சொல்லும் பிள்ளையைக் கொஞ்சம் கிளறினால், அதை முதலில் சொன்னது யார் என்பது அவர்களுக்கு நினைவிருக்கிறது. எந்த வகுப்பு, எந்தப் பீரியட் என்பதுகூட.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) எட்டாம் வகுப்பு வரை சுமாராகப் படித்தவன். அரையாண்டுத் தேர்வுத் தாளைக் கொடுக்கும்போது ஆசிரியர் அவனுடைய மதிப்பெண்ணை உரக்கப் படித்துவிட்டு, “நீயெல்லாம் கடைசி பெஞ்சுக்குப் போயிடு” என்றிருக்கிறார். கோபத்தில் சொன்னது. ஆசிரியர் மறுநாளே மறந்துவிட்டார். அவன் போய் உட்கார்ந்தான்.

“அன்னிக்கு என் பெஞ்சு பசங்க யாருமே என்கூடப் பேசல மேடம். இவனுங்கதான் தள்ளி உக்காந்து இடம் குடுத்தாங்க. ‘விடுறா, எங்களையும்தான் திட்டுவாரு’ன்னாங்க.”

எல்லோரும் ‘சரியில்லாத சேர்க்கை’ என்று சொன்னது இவர்களைத்தான். அந்த வகுப்பறையில் அன்று அவனிடம் அன்பாக நடந்துகொண்டவர்கள் அவர்கள் மட்டுமே. பிறகு அவர்கள் சிகரெட்டை நீட்டியபோது இவனால் மறுக்க முடியவில்லை என்றால், அந்த நன்றிக்கடனும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆசிரியரா, நண்பரா என்று நாம் தராசில் நிறுத்துகிறோம். இவன் விஷயத்தில் ஆசிரியரின் ஒரு வார்த்தைதான் நண்பர்களையே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. தனியாகச் சொல்லியிருந்தால் வெறும் திட்டு. முப்பது பேர் காதில் விழுந்ததால் அது அவனுடைய இடமாகிவிட்டது.

கூட்டத்தை எதிர்த்து நிற்க ஒரு பிள்ளைக்கு என்ன தேவை என்பதற்கு 1950-களில் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகள் உதவுகின்றன. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய வேலை. சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் முன்பே பேசிவைத்துக்கொண்டு தவறான விடையைச் சொன்னபோது, கல்லூரி மாணவர்கள் மூன்றில் ஒரு பங்கு தடவை கண்ணெதிரே தெரிந்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தோடு போனார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலே, அந்தத் தவறு முன்பிருந்ததில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. ஒரே ஒருவர் போதும்.

அந்த ஒருவரை நாம் எங்கே தேட வேண்டும்? பெரியவர்கள் வகுப்புத் தலைவனைக் காட்டுவார்கள். 2016-இல் எலிசபெத் லெவி பாலக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். நியூ ஜெர்சியில் 56 நடுநிலைப் பள்ளிகளில், யார் யாரோடு நேரம் கழிக்கிறாய் என்று மாணவர்களிடமே கேட்டார்கள். சில பள்ளிகளில் சிறிய மாணவர் குழுக்கள் சண்டை, கேலிக்கு எதிராக முன்னின்றன. ஓராண்டில் அந்தப் பள்ளிகளில் மாணவர் மோதல் குறித்த ஒழுங்கு நடவடிக்கைகள் சுமார் 30 சதவீதம் குறைந்தன. அதிகம் பேரோடு பழகும் பிள்ளைகளுக்குத்தான் அதில் அதிக வலிமை இருந்தது. அப்படிப்பட்ட பிள்ளை சேட்டைக்காரனாகவும் இருக்கலாம்.

அதனால் இப்போது நான் நட்பை வெட்டச் சொல்வதில்லை. வெட்டச் சொன்னால் அது ஒளிந்துகொள்கிறது, அதன்பின் நமக்கு எதுவுமே தெரிவதில்லை. ஆசிரியர்களிடம் இரண்டு விஷயம்தான் கெஞ்சிக் கேட்கிறேன். மதிப்பெண்ணை உரக்கப் படிக்காதீர்கள், திட்டுவதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பாராட்டும்போது, அவனுடைய நண்பர்கள் மதிக்கும் ஒன்றைத் தேடிப் பாராட்டுங்கள். ‘நல்ல பையன்’ என்று கூட்டத்தில் சொன்னால் சில பிள்ளைகளுக்கு அது தண்டனை.

அந்த ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “நான் அப்படிச் சொன்னேனா?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் அவனைக் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்திருக்கிறார். ஆய்வகப் பொருள்களைக் கணக்கெடுக்கும் வேலையை அவனுக்கும் அந்தக் கடைசி பெஞ்சு நண்பன் ஒருவனுக்கும் சேர்த்தே கொடுத்தார்.

அவனுடைய அம்மாவிடம் அந்த நண்பனை ஒருநாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு அதில் விருப்பமே இல்லை. ஒரு மாதம் கழித்து மீண்டும் வந்தார். இந்த முறை சேர்க்கை என்ற வார்த்தையே வரவில்லை. “அந்தப் பையனுக்கும் கணக்குதான் வரலையாம் மேடம்,” என்றார். “ரெண்டு பேருக்கும் சேத்து யாராவது சொல்லிக் குடுப்பாங்களா?”