விட்டால்தான் மார்க்: கேட் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

கேட் (CAT) என்பது ஐ.ஐ.எம். போன்ற மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் எம்.பி.ஏ. சேர்வதற்கான நுழைவுத்தேர்வு. அதற்கு நான் வகுப்பு எடுக்கிறேன். போன சீசனில் ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி லேப்டாப்பைத் திறந்து என் மேசையில் வைத்தார். சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, வாரக் கடைசியில் மட்டும் வகுப்புக்கு வருவார். முந்தைய நாள் இரவு எழுதிய மாக் டெஸ்டில், அதாவது மாதிரித் தேர்வில், கணக்குப் பகுதி. 22 கேள்விகளில் 20-க்கு விடை போட்டிருந்தார். சரி 8, தவறு 12. தவறியதில் 9 கேள்விகள் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை, அதனால் தலா ஒரு மார்க் கழிந்திருந்தது. சரியான விடைக்குத் தலா 3 என்று 24, அதில் 9 போக மிச்சம் 15.

கேள்விவாரியாக நேரம் காட்டும் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். ஏழாவது கேள்விக்கு எதிரே 6 நிமிடம் 20 வினாடி.

"இது வராதுன்னு எப்பம்மா தெரிஞ்சுது?"

"ரெண்டாவது நிமிஷத்துலயே தெரிஞ்சிடுச்சு சார்."

"அப்புறம் ஏன் விடலை?"

"இவ்வளவு தூரம் போட்டாச்சே, இன்னும் ஒரு ஸ்டெப்தானேன்னு..."

40 நிமிடத்தில் 22 கேள்வி. ஒரு கேள்விக்கு முழுதாக 2 நிமிடம்கூடக் கிடையாது. அந்த ஒரு கணக்கு மூன்று கேள்விகளின் நேரத்தை எடுத்துக்கொண்டது, விடையும் தவறு. அவருக்கு எளிதாக வரக்கூடிய இரண்டு கணக்குகள் 18, 21-ஆம் இடங்களில் இருந்தன. அவற்றைக் கடைசி ஒரு நிமிடத்தில் அவசரமாகத் தொட்டிருந்தார்.

பல வருடமாக இதே பட்டியலை வெவ்வேறு பெயர்களில் பார்த்துவருகிறேன். நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வருகிறது. விடத்தான் வருவதில்லை. அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. பத்தாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை நாம் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: எதையும் விடாதே, தெரியாவிட்டாலும் கேள்வி எண்ணைப் போட்டு ஏதாவது எழுதி வை, ஸ்டெப்புக்காவது மார்க் விழும். பொதுத்தேர்வில் அது சரியான அறிவுரைதான். கேட் தேர்வில் ஸ்டெப்புக்கு மார்க் கிடையாது. சரியென்றால் 3, தவறென்றால் ஒன்று கழியும், விட்டால் பூஜ்யம். விடையை நாமே டைப் செய்ய வேண்டிய கேள்விகளுக்கு மட்டும், மாணவர்கள் 'டீட்டா' என்று சொல்வார்களே, தவறினாலும் மார்க் கழியாது.

2024 தேர்வில் மொத்தம் 68 கேள்வி, 204 மார்க். ஆங்கிலம் 24, தரவு-தர்க்கம் 22, கணக்கு 22. ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடம். ஒன்றில் மிச்சமாகும் நேரத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. அந்த வருடம் சுமார் 2 லட்சத்து 93 ஆயிரம் பேர் எழுதினார்கள். 99 பெர்சன்டைல் என்றால் அவர்களில் முதல் ஒரு சதவீதத்தில், ஏறக்குறைய 2,900 பேருக்குள் வர வேண்டும். கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் மொத்த மார்க்கில் பாதியைக்கூடத் தொடாதவர்கள் 99 பெர்சன்டைல் வாங்கியிருக்கிறார்கள். முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுவேன். 99 என்றதும் நூற்றுக்கு 99 மார்க் என்று நினைத்து வீட்டில் எல்லோரும் மிரண்டு போயிருப்பார்கள்.

"சும்மா ஒண்ணைக் குத்திட்டு வந்தா என்ன சார்?" என்று ஒவ்வொரு பேட்ச்சிலும் ஒருவர் கேட்பார். போட்டுப் பாருங்கள். நான்கு கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை போட்டால், சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறும். 3 வந்து 3 போகும். மிச்சம் எதுவும் இல்லை. இரண்டு விடைகளை உறுதியாக ஒதுக்க முடிந்தால் கதை வேறு, அப்போது போடுவதுதான் லாபம். ஆனால் கண்ணை மூடிப் போடுவதைவிட ஆபத்தானது பாதி தெரிந்து போடுவது. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், 60-ல் திரும்பினால் சராசரி வேகம் என்ன? அவசரத்தில் இருப்பவர் 50 என்பார். விடை 48. கேட் கேள்விகள் இதைவிடப் பல மடங்கு கடினம், ஆனாலும் தயாரிக்கிறவர்கள் அந்த 50-ஐ விடைகளுக்குள் வைக்கத் தவறுவதில்லை. நாம் எங்கே வழுக்குவோம் என்று அவர்களுக்குத் தெரியும். 'என் விடை ஆப்ஷன்ல இருக்கு, அப்போ சரிதான்' என்ற நிம்மதியை நம்பாதீர்கள்.

தரவு-தர்க்கப் பகுதியில் எதையும் விடாத இந்தப் பழக்கம் இன்னும் பெரிய அடியாக விழும். அங்கே 5 செட், அதாவது ஒரே தகவலை வைத்துக் கேட்கும் கேள்வித் தொகுப்புகள், ஒவ்வொன்றிலும் 4 அல்லது 5 கேள்வி. தவறான செட்டுக்குள் நுழைந்து 15 நிமிடம் போய்விட்டால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. அதனால் முதல் 3 நிமிடம் பேனாவையே எடுக்கக் கூடாது என்று சொல்வேன். ஐந்தையும் படியுங்கள். உங்களுக்குப் பழகிய வடிவம் எது, நிபந்தனைகள் தெளிவாக இருப்பது எது என்று பார்த்து இரண்டைத் தேர்ந்தெடுங்கள். அந்த 3 நிமிடம் உட்கார்ந்திருப்பது பிள்ளைகளுக்கு நெருப்பில் நிற்பது மாதிரி இருக்கும். பக்கத்தில் இருப்பவர் மவுஸைக் கிளிக் செய்யும் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். நான்கைந்து மாக் எழுதினால் பழகிவிடும்.

அந்த மாணவியிடம் ஒரு நோட்டுப் போடச் சொன்னேன். தவறுகளை எழுதும் நோட்டு எல்லோரிடமும் இருக்கிறது. இது வேறு. ஒவ்வொரு மாக் முடிந்ததும், 'இதை விட்டிருக்க வேண்டும்' என்று தோன்றும் கேள்விகளை மட்டும் எழுத வேண்டும், எந்த நொடியில் அது தெரிந்தது என்பதோடு. ஆறு வாரத்தில் அவருக்கே ஒரு விஷயம் பிடிபட்டது. வடிவியலில் படம் போட்டு ஒரு நிமிடத்தில் வழி தெரியவில்லை என்றால், அதற்குப் பிறகு தெரிந்ததே இல்லை. வட்டி, விகிதம், கலவைக் கணக்குகளில் அவர் தவறியதும் இல்லை. அக்டோபர் கடைசியில் எழுதிய மாக்கில் 11 கேள்விதான் தொட்டார். 9 சரி, கழிந்தது 2 மார்க். மொத்தம் 25. எழுதிய கேள்வி ஏறக்குறைய பாதி, மார்க் மட்டும் பத்து கூடிவிட்டது.

ஆங்கிலப் பகுதியைப் பற்றிச் சுருக்கமாக. 24-ல் 16 கேள்விகள் படித்துப் புரிந்துகொள்ளும் பத்திகளிலிருந்து வருகின்றன. தமிழ் வழியில் படித்தவர்கள் சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதில் மாதங்களைக் கழிக்கிறார்கள், எனக்கு அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. தினம் ஒரு மணி நேரம், தெரியாத துறையில் ஒரு நீண்ட கட்டுரையைப் படித்து, ஆசிரியர் என்ன வாதம் வைக்கிறார் என்று இரண்டு வரியில் தமிழிலேயே எழுதிப் பாருங்கள். வீட்டில் இடமில்லாதவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, உள்ளே உட்கார்ந்து படிக்கப் பணம் கேட்க மாட்டார்கள்.

இனி சொல்லப்போவது பாடத்தில் சேராது, ஆனால் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் இதில் அடிபடுகிறார். பி.சி., எம்.பி.சி. பிரிவைச் சேர்ந்தவர்கள் கவனியுங்கள். உங்களிடம் இருக்கும் சாதிச் சான்றிதழ் மாநில அரசின் ஒதுக்கீட்டுக்கானது. ஐ.ஐ.எம்.களில் 27 சதவீத ஒதுக்கீடு பெற, மத்திய அரசின் பட்டியலில் உங்கள் சாதி இருக்க வேண்டும், 'கிரீமி லேயர்' (வசதியான பிரிவினர்) அல்லாதவர் என்ற ஓ.பி.சி. சான்றிதழும் தனியாக வேண்டும். வருமான வரம்பு 8 லட்சம் என்று கேள்விப்பட்டு, 'அப்பா சம்பளம் அதுக்கு மேல' என்று பலர் விசாரிக்காமலே விட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பெற்றோரின் பதவிக்கென்று தனி விதி இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் தொடக்கத்தில் பதிவு ஆரம்பித்து செப்டம்பரில் முடிந்துவிடும். பதிவில் பொதுப்பிரிவு என்று குறித்துவிட்டால் பிறகு மாற்ற விடமாட்டார்கள். ஜூன் மாதமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். நன்றாக எழுதிய ஒரு பையன் இந்த ஒரு காகிதம் இல்லாமல் என் முன்னால் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை.

தேர்வு நவம்பர் கடைசி ஞாயிறு. சென்னையில் அது அடைமழைக் காலம். 2020-ல் நிவர் புயல் கரையைக் கடந்தது நவம்பர் 25 இரவு, தேர்வு 29-ஆம் தேதி. மையம் ஊருக்கு வெளியே ஏதாவது கல்லூரியில் விழலாம். முந்தைய வாரமே ஒருமுறை போய்ப் பார்த்து, எந்தச் சாலையில் தண்ணீர் நிற்கும் என்று அங்கே டீக்கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலை 8.30 பிரிவு கிடைத்தால் கடைசி ஒரு மாதம் மாக் டெஸ்டையும் 8.30-க்கே எழுதுங்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். தேர்வு அன்று அந்த மாணவி மையத்திலிருந்து வெளியே வந்ததும் வாசலில் காத்திருந்த அப்பா கேட்ட முதல் கேள்வி, "எத்தனைம்மா எழுதினே?" 68-க்கு 38 என்று சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. வீடு வரும்வரை காரில் யாரும் பேசவில்லை என்று மாணவி பிறகு சொன்னார். முப்பது கேள்வியை விட்டுவிட்டு வருவதற்கு அந்தப் பெண் ஐந்து மாதம் பழகியிருந்தார். உங்கள் பிள்ளை வெளியே வரும்போது சாப்பிட்டாயா என்று கேளுங்கள், போதும்.