ஆடிக்காற்றும் சிங்கப்பூர் விமானமும்

தஞ்சாவூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகள் ஏராளம். பெரும்பாலும் எல்லோருக்கும் திருச்சிதான் விமான நிலையம். அங்கிருந்து எது கிட்டே, துபாயா சிங்கப்பூரா என்று கேட்டுப் பாருங்கள். 'துபாய்தான், டிக்கெட்டைப் பார்த்தாலே தெரியுமே' என்பார்கள்.

டிக்கெட்டில் அப்படித்தான் தெரியும். 4 மணி நேரப் பயணம் என்று வைத்துக்கொள்வோம். காலை 10 மணிக்குக் கிளம்பினால் துபாயில் பகல் 12.30-க்கு இறங்கலாம். அதே 10 மணிக்குச் சிங்கப்பூருக்குப் புறப்பட்டால் இறங்கும்போது மாலை 4.30. டிக்கெட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால்.

சரி, தூரம்? பூமி உருண்டை என்பதால் தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் கணக்கு பிசகும். இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து, பூமியின் மையத்தில் அவற்றுக்கு இடையே எத்தனை பாகைக் கோணம் என்று பார்க்க வேண்டும். ஒரு பாகைக்குச் சுமார் 111 கி.மீ. திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கிட்டத்தட்ட 26.8 பாகை, அதாவது 2,980 கி.மீ. துபாய்க்கு 26.4 பாகை, 2,940 கி.மீ. இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்!

விமானம் மணிக்கு 830 கி.மீ. போகும் என்றால் 2,980 கி.மீ.க்கு மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். ஏறுவது, இறங்குவது, ஓடுபாதை வரை ஊர்ந்து போவது எல்லாம் தனி. திருச்சி–சென்னை வான்தூரம் 295 கி.மீ.தான். அதற்கும் ஒரு மணி நேரம் போடுவது இதனால்தான்.

இனிமேல்தான் காற்று வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஆடியில் அம்மியும் பறக்கும் என்போமே, டெல்டாவில் அந்தக் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. அதே நாட்களில், அதே வயலுக்கு நேர் மேலே 10, 12 கி.மீ. உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே பாய்கிறது. கோடையில் திபெத் பீடபூமியும் ஆசிய நிலப்பரப்பும் சூடேறி, மேலே பெரிய உயரழுத்தச் சுழற்சி உருவாகிறது. அதன் தெற்கு ஓரமாக ஓடும் காற்றாறு இது. இந்திய வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம் 1958-இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்று பெயர். ஜூன் முதல் செப்டம்பர் வரை இருக்கும்.

விமானத்தின் வேகம் சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்டுச் சொல்வது, தூரமோ தரையில் அளப்பது. அந்தக் காற்று மணிக்கு 50 கி.மீ. என்று வைத்தால், சிங்கப்பூர் போகும் விமானம் தரைக் கணக்கில் 780 கி.மீ. வேகத்தில்தான் நகரும், திரும்பி வருவது 880-இல் வரும். போக 3 மணி 49 நிமிடம், வர 3 மணி 23 நிமிடம். ஒரே பாதையில் 26 நிமிட வித்தியாசம். துபாய்க்கு இது அப்படியே தலைகீழ்.

திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. காற்றை எதிர்த்து ஓடினால் சீக்கிரம் மேலெழும்பலாம் என்பதால், ஆடியில் சிங்கப்பூர் விமானமும் பெரும்பாலும் மேற்கே பார்த்துக் கிளம்பி, அப்புறம் கிழக்கே திரும்பும். எந்த உயரத்தில் எவ்வளவு காற்று என்ற முன்னறிவிப்பைப் பார்த்துத்தான், பறக்கும் உயரத்தையும் எரிபொருள் அளவையும் புறப்படும் முன்பே முடிவு செய்கிறார்கள்.