விர்ச்சுவல் என்றால் மாயமா?

போன வாரம் சேலம் அஞ்சு ரோட்டுப் பக்கம் உள்ள எங்கள் சர்வீஸ் கடைக்கு ஆத்தூரிலிருந்து ஓர் அப்பாவும் மகனும் வந்தார்கள். அப்பா சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி வைத்திருப்பவர். பையன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற இயங்குதளம் போட்டிருக்கிறான், காலேஜ் வேலைக்கு அது வேண்டும். கேம் ஆட விண்டோஸும் வேண்டும். "டூயல் பூட் வேண்டாண்ணா, ஒவ்வொரு வாட்டியும் ரீஸ்டார்ட் பண்ணணும். உள்ளயே ஒரு வீ.எம். போட்டுக் குடுங்க" என்றான். டூயல் பூட் என்றால் இரண்டு இயங்குதளத்தையும் போட்டு, ஆன் செய்யும்போது ஒன்றைத் தேர்வது. வீ.எம். என்றால் விர்ச்சுவல் மெஷின், உபுண்டுவுக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் வழி.

அதற்கான விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளைப் போட்டு ஓட்டினால் எடுத்த எடுப்பிலேயே நின்றது. வீ.எம். ஓட்டச் செயலியில் இருக்கும் வீ.டி.எக்ஸ் வசதி பயாஸில், அதாவது லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை நிரலில், அணைந்து கிடக்கிறது என்று செய்தி. பல லேப்டாப்புகள் இப்படித்தான் கைக்கு வருகின்றன. எஃப்2 தட்டி பயாஸுக்குள் போய் ‘இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’ என்ற வரியை ஆன் செய்தேன். இருந்த 8 ஜிபி ரேமில் 4 ஜிபியை ஒதுக்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உபுண்டு திரையின் நடுவில் ஒரு சன்னலுக்குள் விண்டோஸ் எழுந்து வந்தது. அதுவரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: "ஏனுங்க, இது ஒரிஜினல் விண்டோஸுங்களா, டூப்புங்களா?"

விண்டோஸ் ஒரிஜினல்தான், அதற்குத் தனியாக லைசென்ஸும் வேண்டும். அது ஓடுகிற கம்ப்யூட்டர்தான் கையால் தொட முடியாதது. விண்டோஸ் தன் ஹார்டு டிஸ்க் என்று நம்பிக்கொண்டிருப்பது உபுண்டுவில் கிடக்கும் ஒரு பெரிய ஃபைல். தன் மானிட்டர் என்று நினைப்பது அந்தச் சன்னல். இதைத்தான் ‘விர்ச்சுவல் மெஷின்’ என்கிறோம். ஒரு மெஷினுக்குள் இப்படி இன்னொன்றை உண்டாக்கித் தருவது விர்ச்சுவலைசேஷன்.

இந்த விர்ச்சுவல் என்ற சொல்லுக்குத் தமிழில் மூன்று முகம் கொடுத்திருக்கிறோம். பள்ளி அறிவியல் பாடத்தில் அது ‘மாய’: மெய் பிம்பம், மாய பிம்பம் என்று எல்லோரும் படித்திருப்போம். 2001இல் சென்னையில் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு அன்று வைத்த ஆங்கிலப் பெயர் ‘தமிழ் விர்ச்சுவல் யுனிவர்சிட்டி’, தமிழ்ப் பெயரோ தமிழ் இணையப் பல்கலைக்கழகம். ஆக அங்கே விர்ச்சுவல் என்றால் ‘இணைய’. கணினி நூல்களில் ‘மெய்நிகர்’. நம் வீ.எம்.முக்கு ‘இணைய’ ஒட்டவே ஒட்டாது. நெட் கேபிளைப் பிடுங்கிப் போட்டாலும் அது பாட்டுக்கு ஓடும். ‘மாய’ என்றால் இல்லாததை இருப்பதாகக் காட்டுவது என்று பொருள் வந்துவிடுகிறது. ஏற்காடு லேடீஸ் சீட்டில் டெலஸ்கோப் வழியாகக் கீழே சேலத்தைப் பார்க்கிறோம். கண்ணுக்கு வருவது பாடப்புத்தகக் கணக்கில் மாய பிம்பம், ஆனால் சேலம் மாயமில்லையே.

மூலத்துக்குப் போனால் சங்கதி தெளிவாகிறது. லத்தீனில் ‘விர்’ என்றால் ஆண்மகன். அதிலிருந்து ‘விர்த்தூஸ்’, அதாவது ஆண்மை, ஆற்றல். இடைக்கால லத்தீனில் ‘விர்த்துவாலிஸ்’ என்றால் ஆற்றலால் உள்ளது. ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘பெயரளவில் அது இல்லை, ஆனால் பலனில் அதுவே’ என்ற பொருள் நிலைத்தது. வடமொழி ‘வீர’வும் லத்தீன் ‘விர்’ரும் ஒரே வேரில் பிறந்தவை. அந்த வகையில் நாம் சொல்லும் வீரமும் விர்ச்சுவலும் தூரத்துச் சொந்தம்.

பலனில் அதுவே. இதை அந்த ஆத்தூர்க்காரருக்கு விளக்க நான் பாடுபடவே இல்லை, அவர் ஆலையே உதாரணம். மலாய் நாட்டில் சாகு என்பது ஒருவகைப் பனையின் தண்டுமாவு. இரண்டாம் உலகப்போரில் அந்த இறக்குமதி நின்றபோது சேலத்தில் மரவள்ளிக்கிழங்கை அரைத்து, பாலைத் தெளியவைத்து, உருட்டி, வறுத்து ஜவ்வரிசி ஆக்கினார்கள். பனையும் இல்லை, பெயரில் அரிசி இருந்தும் அரிசியும் இல்லை. பாயசத்தில் போட்டால் யாராவது டூப்பு என்பார்களா?

தொல்காப்பிய உவமையியல் ‘வினைபயன் மெய்உரு’ என்று உவமையை நான்காகப் பிரிக்கிறது. செயலால் ஒப்பது, பயனால் ஒப்பது, வடிவால் ஒப்பது, நிறத்தால் ஒப்பது. இதில் ‘மெய்’ என்றால் வடிவு. அந்தக் கணக்கில் வீ.எம். மெய்யால் நிகரே இல்லை, அதற்கு வடிவே கிடையாது. வினையாலும் பயனாலும்தான் நிகர். ஆனால் மெய்நிகர் என்ற சொல்லில் மெய் என்பது உண்மை. உண்மையானதற்கு நிகர். நன்னூல் தரும் உவம உருபுப் பட்டியலிலும் ‘நிகர’ இருக்கிறது. எனக்கு இந்தச் சொல்லில் பிடித்ததே அந்தப் பின்பாதிதான். விர்ச்சுவலைசேஷனை ‘மெய்நிகராக்கம்’ என்று எழுதுகிறார்கள். பொருள் சரி, கடை வாசலில் நின்று சொல்ல மட்டும் நாக்கு புரளமாட்டேன் என்கிறது.

வீ.எம். பிறந்தது 1960களில், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் மையத்தில். சிபி-40 என்ற அமைப்பு ஒரே பெரிய கணினியைப் பல பேருக்கு ஆளுக்கொரு கணினியாகப் பங்கு வைத்தது. ஒரே வீட்டில் ஒண்டுக்குடித்தனம் வைத்த மாதிரி, ஆனால் ஒவ்வொரு குடித்தனமும் வீடு முழுக்கத் தனக்கே என்று நம்பும். பங்கு பிரிக்கிற வீட்டு ஓனர்தான் ஹைப்பர்வைசர். 1999இல் விஎம்வேர் இதைச் சாதாரண பிசிக்குக் கொண்டுவந்தது. 2005இல் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் செயலிக்குள்ளேயே இதற்கு வசதி வைத்தன. நான் பயாஸில் தேடிப்போன வரி அதுதான்.

நடுவில் 1974இல் ஜெரால்ட் போபெக், ராபர்ட் கோல்ட்பெர்க் என்ற கணினி அறிஞர்கள் இருவரும் இதற்கு இலக்கணம் எழுதினார்கள். நிரல் அசல் கணினியில் ஓடினால் என்ன விளைவோ அதே விளைவு இங்கேயும் வரவேண்டும் என்பது முதல் நிபந்தனை. நிகர் என்பது அதைத்தானே சொல்கிறது! ஆனால் இரண்டு விலக்கும் வைத்தார்கள்: கிடைக்கும் வளம் குறையலாம், நேரக் கணக்கு மாறலாம்.

கேம் அடிவாங்குவது இந்த இரண்டு விலக்கிலும்தான். நொடிக்கு 60 படம் வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. அசல் கிராபிக்ஸ் கார்டு உபுண்டு கையில். உள்ளே விண்டோஸுக்குக் கிடைப்பது ஒரு மெய்நிகர் கார்டு, சொன்னதை எடுத்துப்போய் வாங்கி வருகிற ஆள். கார்டையே முழுசாக உள்ளே தள்ளிவிடும் வழி உண்டு, ஒரே கார்டு உள்ள லேப்டாப்பில் அது பெரும்பாடு. பையனின் பழைய கிரிக்கெட் கேம் ஜோராக ஓடியது. ஆன்லைன் கேமோ, ஏமாற்றுத் தடுப்பு நிரல் வீ.எம். என்று மோப்பம் பிடித்ததும் திறக்கவே மறுத்துவிட்டது. கடைசியில் அதற்காக, வேண்டாம் என்ற டூயல் பூட்டையும் போட்டுக்கொண்டான்.

பில்லில் ‘மெய்நிகர் இயந்திரம் – 1’ என்று எழுதிக் கொடுத்தேன். அப்பா படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இயந்திரம்னு போட்டிருக்கீங்க. கையில ஒண்ணும் தரலீங்களே?"