விண்டோஸுக்கு வட்டு ஏன் தெரியவில்லை? சேமிப்பகக் கட்டுப்படுத்தியும் அதற்குரிய டிரைவரும்

புதிதாக வாங்கிய மதர்போர்டில் எஸ்எஸ்டியைப் பொருத்திவிட்டு, பென் டிரைவிலிருந்து விண்டோஸை நிறுவத் தொடங்கினால், எந்த வட்டில் நிறுவ வேண்டும் என்று கேட்கும் திரை வெறுமையாக நிற்பது இன்று பலருக்கும் நேர்கிறது. மதர்போர்டிலேயே இருக்கும் அடிப்படை நிரலான பயாஸுக்குள் சென்று பார்த்தால் அதே எஸ்எஸ்டி தன் பெயரோடும் கொள்ளளவோடும் பட்டியலில் இருக்கும். எஸ்எஸ்டி பழுது என்று எண்ணி அதைக் கடையில் திருப்பிக் கொடுக்கிறவர்களும் உண்டு. பெரும்பாலான வேளைகளில் அதில் எந்தப் பழுதும் இருப்பதில்லை; வட்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் இருக்கும் சேமிப்பகக் கட்டுப்படுத்தியை இயக்கத் தெரிந்த டிரைவர் அந்த நிறுவல் கோப்புகளில் இல்லை என்பதே காரணம். எந்த டிரைவர் தேவை என்பதை எஸ்எஸ்டியின் மேல் அச்சிட்டிருக்கும் நிறுவனப் பெயரைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. கட்டுப்படுத்தி எந்த முறையில் இயங்குமாறு பயாஸில் அமைக்கப்பட்டிருக்கிறது என்பதை வைத்தே அதை முடிவு செய்ய வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் விளங்கிவிடும்.

ஒரு கோப்பைத் திறக்கும்போது அந்தக் கோரிக்கை பல அடுக்குகளைக் கடந்து வட்டுக்குச் செல்கிறது. முதலில் என்டிஎஃப்எஸ் போன்ற கோப்பு முறைமை, அந்தக் கோப்பு வட்டின் எந்தெந்தப் பகுதிகளில் இருக்கிறது என்று கணக்கிடுகிறது. அதற்குக் கீழே உள்ள பொதுவான வட்டு டிரைவர் அதை ‘இந்த எண்ணிலிருந்து இத்தனை தொகுதிகளைப் படி’ என்ற கட்டளையாக்குகிறது. இதுவரை எந்த நிறுவனத்தின் வன்பொருள் என்பது பொருட்டே இல்லை. கடைசி அடுக்கில்தான், அந்தக் கட்டளையைக் குறிப்பிட்ட கட்டுப்படுத்தியின் பதிவேடுகளில் (அதனுள் இருக்கும் சிறு நினைவிடங்களில்) எழுதி, வேலை முடிந்ததற்கான அறிவிப்பைத் திரும்பப் பெறும் டிரைவர் வருகிறது. விண்டோஸில் பெரும்பாலான சேமிப்பகக் கட்டுப்படுத்திகளுக்கும் பொதுவான வேலைகளை ஸ்டோர்போர்ட் என்ற பகுதி பார்த்துக்கொள்வதால், கட்டுப்படுத்திக்கே உரிய டிரைவர் அளவில் சிறியதாகவே இருக்கும். சிறியதானாலும் அது இல்லாவிட்டால் மேலுள்ள அடுக்குகள் எதுவும் பயன்படாது.

ஒவ்வொரு கட்டுப்படுத்திக்கும் தனித்தனி டிரைவர் எழுத வேண்டிய நிலையைத் தவிர்க்கவே பொதுத் தரநிலைகள் வந்தன. வட்டைக் கேபிள் வழியாக மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா இணைப்பு 2003-இல் அறிமுகமானபோது, அந்தக் கட்டுப்படுத்திகள் அதற்கு முந்தைய இணைப்பு முறையான ஐடிஇயின் கட்டுப்படுத்தியைப் போலவே நடந்துகொண்டு பழைய டிரைவர்களோடு ஒத்துப்போயின. அப்படி நடிக்கும்வரை, ஒரே நேரத்தில் பல கட்டளைகளை வட்டுக்குக் கொடுக்கும் வசதியும், கணினி இயங்கும்போதே வட்டைக் கழற்றி மாட்டும் வசதியும் கிடைக்கவில்லை. 2004-இல் இன்டெல் வெளியிட்ட ஏஎச்சிஐ தரநிலை இதை மாற்றியது. அதன்படி நினைவகத்தில் ஒவ்வொரு சாட்டா இணைப்புக்கும் 32 இடங்கள் கொண்ட ஒரு கட்டளைப் பட்டியல் இருக்கும். டிரைவர் அதில் கட்டளையை எழுதிவிட்டு, கட்டுப்படுத்தியின் ஒரு பதிவேட்டில் அதற்குரிய பிட்டை உயர்த்தும். கட்டுப்படுத்தி தானே நினைவகத்தைப் படித்து வேலையை முடிக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு இந்த 32 இடங்கள் தாராளமாகவே போதும்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக நேரடியாக இணையும் எஸ்எஸ்டிகளுக்கு அது போதவில்லை. 2011-இல் வெளியான என்விஎம்இ தரநிலை, ஒரே பட்டியலுக்குப் பதிலாக 65,535 வரிசைகள் வரை அனுமதிக்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் 65,536 இடங்கள் வரை இருக்கலாம். நடைமுறையில் அத்தனை வரிசைகளும் தேவைப்படுவதில்லை. பிராசசரின் ஒவ்வொரு கோரும் தனக்கென ஒரு வரிசையை வைத்துக்கொண்டு, மற்ற கோர்களுக்காகக் காத்திராமல் கட்டளை அனுப்ப முடிகிறது என்பதுதான் இதன் உண்மையான ஆதாயம். ஏஎச்சிஐக்கும் என்விஎம்இக்கும் பதிவேடுகளின் அமைப்பே வேறு என்பதால் ஒன்றின் டிரைவரால் மற்றொன்றை இயக்க முடியாது.

கணினியில் எந்த வகைக் கட்டுப்படுத்தி இருக்கிறது என்பதை விண்டோஸ் ஊகித்து அறிவதில்லை. பிசிஐ வழியில் இணைந்த ஒவ்வொரு சாதனமும் தன்னைத் தயாரித்த நிறுவனத்தின் எண், தன் மாதிரியின் எண், தன் வகையைச் சொல்லும் எண் ஆகியவற்றைத் தன்னிடம் எழுதி வைத்திருக்கும். இன்டெலின் எண் 8086. ஏஎம்டியின் எண் 1022. வகை எண் 010601 என்றிருந்தால் அது ஏஎச்சிஐ கட்டுப்படுத்தி. 010802 என்றிருந்தால் என்விஎம்இ. 0104 என்று தொடங்கினால் ரெய்டு, அதாவது பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை. 0101 என்று தொடங்கினால் ஐடிஇ. விண்டோஸ் முதலில் நிறுவன எண்ணும் மாதிரி எண்ணும் அச்சாகப் பொருந்தும் டிரைவரைத் தேடும். கிடைக்காவிட்டால் வகை எண்ணுக்குப் பொருந்தும் பொதுவான டிரைவரை ஏற்கும். இதனால்தான், மைக்ரோசாப்ட் ஒருபோதும் பார்த்திராத நிறுவனத்தின் எஸ்எஸ்டிகூட, வகை எண் 010802 என்று இருந்தால் விண்டோஸில் உடனே வேலை செய்கிறது.

பயாஸில் சாட்டா முறையை ஐடிஇ, ஏஎச்சிஐ, ரெய்டு என்று மாற்றும்போது உண்மையில் மாறுவது இந்த அடையாளம்தான். சிப் அதேதான், கேபிளும் வட்டும் அவையேதான். ஆனால் விண்டோஸின் பார்வையில் பழைய கட்டுப்படுத்தி போய் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. நன்றாக இயங்கிக்கொண்டிருந்த கணினியில் இந்த முறையை மட்டும் மாற்றினால், அடுத்த முறை ‘இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’ என்ற செய்தியோடு நீலத் திரை வருவது இதனால்தான்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழுகிறது. விண்டோஸே அந்த வட்டிலிருந்துதானே நினைவகத்துக்கு வந்தது? வட்டைப் படிக்க முடியாவிட்டால் அந்த நீலத் திரையைக் காட்டும் அளவுக்குக்கூட அது எப்படி எழுந்தது? கணினி தொடங்கும்போது வட்டைப் படித்துத் தருவது மதர்போர்டில் உள்ள பயாஸ் அல்லது அதன் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ. விண்டோஸின் தொடக்க நிரல் அதன் உதவியோடு விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலையும், தொடக்கத்திலேயே தேவை என்று குறிக்கப்பட்ட டிரைவர்களையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. அதன்பின் பொறுப்பு கெர்னலிடம் கைமாறுகிறது. அதன் பிறகு வட்டைத் தன் சொந்த டிரைவரால்தான் படிக்க வேண்டும். தேவையான டிரைவர் அந்த முதல் தொகுப்பில் இல்லையென்றால், வட்டில் அது இருந்தும் பயனில்லை: பூட்டிய பெட்டிக்குள்ளேயே அதன் சாவி கிடப்பது போன்ற நிலை அது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இது பெருந்தொல்லையாக இருந்தது. 2001-இல் வெளியான அந்த இயங்குதளத்தில் ஏஎச்சிஐ டிரைவர் கிடையாது. நிறுவல் தொடங்கியதும் எஃப்6 விசையை அழுத்தி, டிரைவரை ஃபிளாப்பியிலிருந்து கொடுக்க வேண்டும். ஃபிளாப்பி டிரைவே இல்லாத கணினிகள் வந்த பிறகும் அந்த நிறுவல் நிரல் ஃபிளாப்பியைத்தான் கேட்டது. இன்றும் இன்டெல் தன் சேமிப்பக டிரைவரின் ஒரு வடிவத்தை எஃப்6 என்ற பெயராலேயே வழங்குவது அந்தக் காலத்தின் எச்சம். விஸ்டாவிலிருந்து ஏஎச்சிஐ டிரைவர் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. பென் டிரைவிலிருந்தும் வேறு டிரைவர்களை ஏற்ற முடிந்தது. விண்டோஸ் 7 வெளியானபோது என்விஎம்இ தரநிலையே இல்லாததால் அதற்கான ஆதரவைப் பின்னர்த் தனித் திருத்தமாகச் சேர்க்க நேர்ந்தது. 2013-இல் வந்த விண்டோஸ் 8.1 முதல் என்விஎம்இ டிரைவரும் உள்ளேயே இருக்கிறது. ஆகவே, ஏஎச்சிஐ, என்விஎம்இ ஆகிய இரண்டுக்கும் விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் நாம் எதையும் தேடிப் போக வேண்டியதில்லை.

அப்படியானால் இன்றைய கணினிகளிலும் அந்த வெறுமையான திரை ஏன் வருகிறது? பெரும்பாலும் விஎம்டி என்ற இன்டெல் அமைப்பே காரணம். முதலில் இது சர்வர்களுக்காக உருவானது. பத்துப் பதினைந்து எஸ்எஸ்டிகள் மாட்டிய சர்வரில், இயங்கும்போதே ஒன்றைக் கழற்றி மாட்டவும், பலவற்றைச் சேர்த்து ரெய்டாக அமைக்கவும் அது உதவியது. பதினோராம் தலைமுறை கோர் பிராசசர்களிலிருந்து வீட்டுக் கணினிகளுக்கும் இது வந்துவிட்டது. விஎம்டி இயங்கும்போது எஸ்எஸ்டிகள் நேரடியாக இயங்குதளத்தின் கண்ணில் படுவதில்லை. அவற்றை மறைத்துக்கொண்டு விஎம்டி மட்டும் முன்னால் நிற்கும், அதுவும் ரெய்டு வகை எண்ணோடு. விண்டோஸிடம் உள்ள பொது என்விஎம்இ டிரைவர் 010802 என்ற எண்ணைத் தேடும். அப்படி ஒன்று அங்கே இருக்காது. விஎம்டிக்குள் புகுந்து, மறைந்திருக்கும் எஸ்எஸ்டிகளை எடுத்துக் காட்டத் தெரிந்த இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் நிறுவல் கோப்புகளில் இல்லையென்றால், பட்டியல் காலியாகவே இருக்கும்.

இதற்குத் தீர்வுகள் இரண்டு. ஒன்று, பயாஸில் விஎம்டியை அணைத்துவிடுவது. மற்றொன்று, ஆர்எஸ்டி டிரைவரைப் பென் டிரைவில் வைத்து, நிறுவல் திரையில் உள்ள ‘லோட் டிரைவர்’ வழியாக ஏற்றுவது. ஒரே ஓர் எஸ்எஸ்டியோ, ரெய்டாக இணைக்காத இரண்டு மூன்று வட்டுகளோ கொண்ட மேசைக் கணினிக்கு முதல் வழியே சரி என்று உறுதியாகச் சொல்வேன். அத்தகைய கணினியில் விஎம்டியால் குறிப்பிடத்தக்க பயன் ஏதும் இல்லை. அணைத்துவிட்டால் விண்டோஸை மறுபடி நிறுவும்போதும், மீட்புப் பென் டிரைவிலிருந்து கோப்புகளைக் காப்பாற்ற முயலும்போதும், லினக்ஸை ஏற்றும்போதும் வட்டு எந்தத் தடையும் இன்றித் தெரியும். ரெய்டு உண்மையிலேயே தேவைப்படுகிறவர்கள் மட்டும் இரண்டாம் வழிக்குப் போகலாம்.

அப்படிப் போகிறவர்கள் டிரைவரைத் தங்கள் மதர்போர்டின் சரியான மாதிரிப் பெயரைக் கொண்டு, அதன் தயாரிப்பாளரின் தளத்தில்தான் தேட வேண்டும். பிராசசரின் தலைமுறைக்கேற்ப ஆர்எஸ்டி பதிப்புகள் மாறுவதால், கிடைப்பதில் புதியது எதுவோ அதுவே பொருந்தும் என்று எண்ணக்கூடாது. பதிவிறக்கும் கோப்பு, இயங்கும் விண்டோஸில் நிறுவுவதற்கான நிரலாக இருந்தால் நிறுவல் திரைக்கு அது பயன்படாது. ஐஎன்எஃப், எஸ்ஒய்எஸ், சிஏடி என முடியும் கோப்புகள் தனித்தனியே தெரியுமாறு விரித்த கோப்புறைதான் தேவை. ஐஎன்எஃப் கோப்பில்தான் அந்த டிரைவர் எந்தெந்தச் சாதன எண்களுக்கு உரியது என்று எழுதியிருக்கும். எஸ்ஒய்எஸ் டிரைவரின் நிரல். சிஏடி அதன் டிஜிட்டல் கையொப்பம். கையொப்பம் இல்லாத டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. ஏஎம்டி மதர்போர்டில் ரெய்டு அமைக்கிறவர்கள் ஒன்றுக்குப் பதிலாக மூன்று டிரைவர்களை வரிசையாக ஏற்ற வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நிறுவி முடித்த பின், மைக்ரோசாப்டின் பொது டிரைவருக்குப் பதில் தயாரிப்பாளரின் டிரைவரைப் போட்டால் வேகம் கூடுமா என்று பலர் கேட்கிறார்கள். என்விஎம்இயின் தொடக்கக் காலத்தில் அந்தக் கேள்விக்கு இடமிருந்தது. சாம்சங் தன் 950, 960, 970 வரிசை எஸ்எஸ்டிகளுக்குத் தனி டிரைவர் வெளியிட்டது. இன்று அன்றாடப் பயன்பாட்டில் அந்த வேறுபாட்டை உணர்வது அரிது. சிக்கலின்றி ஓடும் பொது டிரைவரை மாற்றாமல் விடுவதே நல்லது. டிவைஸ் மேனேஜரில் அதன் தேதி 2006 ஜூன் 21 என்று காட்டுவதைக் கண்டு, இருபது ஆண்டு பழைய நிரல் என்று அஞ்ச வேண்டாம். விண்டோஸோடு வரும் டிரைவர்களுக்கு மைக்ரோசாப்ட் வேண்டுமென்றே அந்தப் பழைய தேதியை இடுகிறது. ஒரே சாதனத்துக்கு இரண்டு டிரைவர்கள் சமமாகப் பொருந்தினால் புதிய தேதி கொண்டதை விண்டோஸ் தேர்ந்தெடுக்கும் என்பதால், தயாரிப்பாளரின் டிரைவர் பின்தள்ளப்படாமல் இருக்க இந்த ஏற்பாடு. இந்தத் தேதியைக் காட்டியே ‘உங்கள் டிரைவர் காலாவதியாகிவிட்டது’ என்று பயமுறுத்தும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. வேறு எந்த டிரைவரை நம்பிக் கொடுத்தாலும், சேமிப்பக டிரைவரை அவற்றின் கையில் விடக்கூடாது. ஒலி அட்டைக்குத் தவறான டிரைவர் போட்டால் பாட்டு கேட்காது, இங்கே தவறினால் கணினியே எழாது.

ஏற்கெனவே விண்டோஸ் உள்ள கணினியில் விஎம்டியையோ ரெய்டையோ விட்டு மாற வேண்டுமானால், பயாஸுக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. வட்டுகள் உண்மையிலேயே ரெய்டாக இணைந்திருந்தால் முறையை மாற்றவே கூடாது. பல வட்டுகளில் பிரித்து எழுதிய தகவல் கைக்கு எட்டாமல் போய்விடும். வட்டில் உள்ள தகவலை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்தி, மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில், அடுத்த தொடக்கம் சேஃப் மோடில் நிகழுமாறு குறித்துவிட்டு மறுதொடக்கம் செய்து, அப்போதே பயாஸில் முறையை மாற்ற வேண்டும். வழக்கமான தொடக்கத்தில் விண்டோஸ் தனக்கு இதுவரை தேவைப்படாத சேமிப்பக டிரைவர்களை ஒதுக்கி வைத்திருக்கும். சேஃப் மோடில் அவற்றையும் ஏற்றிப் பார்க்கும் என்பதால், ஏஎச்சிஐ அல்லது என்விஎம்இ பொது டிரைவர் புதிய அடையாளத்தோடு பொருந்திக்கொள்ளும். பிறகு அந்தக் குறிப்பை நீக்கினால் வழக்கம்போல் தொடங்கும். சேஃப் மோடில், உள்நுழையப் பயன்படுத்தும் ‘பின்’ (PIN) எண் செல்லாமல் போகலாம் என்பதால் கணக்கின் கடவுச்சொல் தெரிந்திருப்பது அவசியம்.

லினக்ஸிலும் அதே சாவிச் சிக்கல் உண்டு. அங்கே தேவையான டிரைவர்கள் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு தொகுப்பில் அடைக்கப்பட்டு, கெர்னலோடு சேர்த்தே நினைவகத்தில் ஏற்றப்படுகின்றன. ஏஎச்சிஐ, என்விஎம்இ, விஎம்டி மூன்றுக்கும் லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர்கள் இருக்கின்றன. ஆனால் விஎம்டிக்கு முந்தைய இன்டெல் கணினிகள் சிலவற்றில், ரெய்டு முறையில் என்விஎம்இ எஸ்எஸ்டியைச் சாட்டா கட்டுப்படுத்திக்குப் பின்னால் மறைத்து வைக்கும் ஏற்பாடு இருந்தது. அங்கே லினக்ஸ் எஸ்எஸ்டியைப் பயன்படுத்த இயலாமல், பயாஸில் ஏஎச்சிஐக்கு மாற்றுமாறு தன் பதிவில் எழுதி வைக்கும்.

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் அந்தப் பயாஸ் திரையை ஒரு படமெடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மதர்போர்டில் உள்ள நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோனாலும், பயாஸைப் புதுப்பித்தாலும் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பக்கூடும். அப்போது நேற்றுவரை ஓடிய விண்டோஸ் இன்று நீலத் திரையில் நின்றால், மறுபடி நிறுவுவதற்கு முன் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்தப் பயாஸ் அமைப்புதான். முறை மாறியிருந்தால் அதைப் பழையபடி மாற்றிச் சேமித்தாலே கணினி முன்போல் தொடங்கிவிடும்.