கிளே ஒத்துக்கொள்ளாவிட்டால் எதற்கு மாறுவது?

திருகோணமலையில் கைக் கரப்பனோடு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் மீன் வெட்டுபவர்கள், சீமெந்து குழைப்பவர்கள், நாள் முழுக்கத் தண்ணீரில் கை வைத்திருக்கும் தாய்மார்கள். சில காலமாக இன்னொரு சாராரும் வருகிறார்கள். வீட்டிலிருந்தபடி கிளேயில் தோடும் சாவிக்கொத்தும் செய்து உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விற்பவர்கள், வாணி விழாவுக்குப் பிள்ளைகளோடு உருவங்கள் செய்யும் ஆசிரியர்கள். வந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "டொக்டர், இந்தக் கிளே ஒத்துவரவில்லை, வேறு எதை வாங்கலாம்?"

அந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. பழைய கிளேயில் இருந்த எந்தப் பொருள் ஒத்துவரவில்லை? அது தெரியாமல் மாறினால், அதே பொருள் புதுப் பெட்டியிலும் வந்து சேரலாம்.

ஈரம், சவர்க்காரம், உரசல் எல்லாம் சேர்ந்து தோல் வறண்டு வெடிப்பது யாருக்கும் வரும். கையைப் பராமரித்தால் ஆறும். உண்மையான ஒவ்வாமை வேறு. பல மாதங்கள் தொந்தரவே தராத பொருளைக்கூட உடம்பு ஒரு கட்டத்தில் ஏற்க மறுத்துவிடும். தொட்ட உடனே தெரியாது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் கழித்துத்தான் அரிப்பும் சிறு கொப்புளங்களும் வரும். அதனால் பலர் முந்தாநாள் பிசைந்த கிளேயை விட்டுவிட்டு நேற்றுச் சாப்பிட்ட இறாலைச் சந்தேகிக்கிறார்கள். வந்த ஒவ்வாமை பொதுவாக வாழ்நாள் முழுக்க இருக்கும்.

நான் அதிகம் கவலைப்படுவது எப்பொக்சி கிளேயைப் பற்றித்தான். இரண்டு கட்டியாக வரும், சேர்த்துப் பிசைந்தால் இறுகும். அதன் ரெசினும் (பிசின்) ஹார்டனரும் (அதை இறுக்கும் பொருள்) இரண்டுமே ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. இறுகாத நிலையில்தான் ஆபத்து அதிகம். முழுதாக இறுகியபின் பெரும்பாலும் தொந்தரவு இராது. ஆனால் அரைகுறையாக இறுகியதைச் சாண்ட்பேப்பரால் தேய்த்தால் தூசி பறந்து கண் இமையிலும் கழுத்திலும் படியும். இமை வீங்கி வருபவர்களிடம் கை வேலை என்னவென்று நான் கட்டாயம் கேட்பேன். மெல்லிய லேடெக்ஸ் கையுறை இதற்கு உதவாது, எப்பொக்சி அதை ஊடுருவிவிடும். நைட்ரைல் கையுறை கொஞ்ச நேரம் தாங்கும், அழுக்கானதும் கழற்றி எறிய வேண்டும். சரி, ஒவ்வாமை வந்தபிறகு என்ன செய்வது? கையுறையை நம்பித் தொடராதீர்கள், எப்பொக்சியை முழுதாக விட்டுவிடுங்கள். குழாய் ஓட்டை அடைக்கும் இரட்டைக் கட்டியும் அதே குடும்பம். யூவி விளக்கில் இறுகும் ரெசினுக்கு மாறலாமா என்று கேட்கிறார்கள். அதில் அக்ரிலேட் என்ற வேறு வேதிப்பொருள் இருக்கிறது. அதற்கும் ஒவ்வாமை வந்தால் பிறகு ஜெல் நகப்பூச்சும் பல் அடைப்பும்கூடச் சிக்கலாகலாம்.

அடுத்தது காற்றில் காயும் கிளே. இதில் பலருக்கு ஒத்துவராதது மண்ணோ மாவோ அல்ல, பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன் போன்ற பாதுகாப்பான்கள். அமெரிக்கத் தொடு ஒவ்வாமைத் தோல் நோய்ச் சங்கம் 2013இல் இதை அந்த ஆண்டின் முக்கிய ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. சுவர்ப் பெயின்ட், பாத்திரம் கழுவும் திரவம், ஈரத்துடைப்பான், ஷாம்பு என்று பலவற்றிலும் இது வரும். கடைக் கிளே வேண்டாமென்று சோள மாவையும் வெள்ளைக் கம்மையும் காய்ச்சி வீட்டிலேயே கிளே செய்த ஒரு சகோதரிக்குக் கை இன்னும் மோசமானது. அந்தக் கம்மிலும் அதே வகைப் பாதுகாப்பான்தான். 'இயற்கை' என்று நம்பிக் கராம்பு எண்ணெய் சேர்ப்பவர்களும் உண்டு. அதிலுள்ள யூஜெனோலும் ஒவ்வாமை தரக்கூடியது.

அவன் அடுப்பில் சுடும் பொலிமர் கிளே, பிவிசி பிளாஸ்டிக்கும் அதை மென்மையாக்கும் எண்ணெய் போன்ற பொருளும் கலந்தது. இதனால் வந்த ஒவ்வாமையை நான் குறைவாகவே பார்க்கிறேன். பெட்டியில் போட்டிருக்கும் சூட்டைத் தாண்டாதீர்கள், பொதுவாக அது 110 முதல் 130 பாகை செல்சியஸ். கருகினால் கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைட் வரும். இந்தத் தோட்டைப் போட்டவருக்குக் காது புண்ணானால் முதலில் கொக்கியைப் பாருங்கள், பெரும்பாலும் அதிலுள்ள நிக்கல்தான் காரணம்.

அப்போ எதற்கு மாறலாம்? எப்பொக்சியோ பாதுகாப்பானோ ஒத்துவராதவர்களுக்கு நான் முதலில் சொல்வது குயவர் பாவிக்கும் சாதாரணக் களிமண். சாயமும் பாதுகாப்பானும் சேராததாக இருக்க வேண்டும். கை வறளும், அதனால் வேலை முடிந்ததும் கழுவி வாசனையில்லாத களிம்பு பூசுங்கள். காய்ந்த மண்ணைத் தேய்க்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், அந்தத் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலுக்கு ஆகாது. உறுதிக்காக அதில் சீமெந்து கலக்க வேண்டாம். சீமெந்திலுள்ள குரோமேட்டும் ஒவ்வாமை தருவது, கோவில் சிலை வேலை செய்பவர்களின் கைகளில் அதைப் பார்க்கிறேன்.

இரண்டாவது, காகிதக் கூழோடு அரிசி மாக் கஞ்சி அல்லது புளியங்கொட்டைப் பசை. கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். ஒக்டோபர் தொடங்கி மழைக்காலம் முழுக்க இங்கே ஈரக்காற்று. எதுவும் சீக்கிரம் காயாது, கூழில் பூஞ்சணம் பிடிக்கும். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் பிசைந்து, மெல்லிய அடுக்குகளாகச் செய்து மின்விசிறிக்குக் கீழே காயவிடுங்கள்.

சந்தேகப்படும் எப்பொக்சியையோ ரெசினையோ நீங்களாகத் தோலில் பூசிச் சோதிக்காதீர்கள். அந்தச் சோதனையே புதிதாக ஒவ்வாமையை உண்டாக்கிவிடலாம். சரியான வழி பேட்ச் டெஸ்ட். அளவாக நீர்த்த பொருட்களை முதுகில் ஒட்டி, 48 மணிநேரத்தில் எடுத்து, பிறகும் ஓரிரு நாள் கழித்துப் பார்ப்பார்கள். எல்லா வைத்தியசாலைகளிலும் செய்வதில்லை, தோல் நிபுணரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். போகும்போது கிளே பெட்டி, கம் போத்தல், கையுறை, கை கழுவும் திரவம் எல்லாவற்றின் லேபிளையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ பேட்ச் டெஸ்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.