கார்பன் கூடினால் கடல் நுண்பாசிக்குக் கொண்டாட்டமா?

கடல் அமிலமாகிறது என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: கார்பன் டை ஆக்சைடு பச்சையம் உள்ள எதற்கும் உணவுதானே, அது கடலில் கூடினால் அங்கே மிதக்கும் நுண்பாசிகள் இன்னும் நன்றாக வளரத்தானே செய்யும்? முட்டாள்தனமான கேள்வி இல்லை, பாதி சரியும்கூட. ஆனால் அந்த வாயு தண்ணீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனியையும் சேர்த்தே உண்டாக்குகிறது. செல்லுக்குப் பெரிய தொல்லை கொடுப்பது அதுதான்.

நுண்பாசி என்று நான் சொல்வது பைட்டோபிளாங்டனை. உலகத்தில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி இவற்றின் வேலை, இத்தனைக்கும் உலகத் தாவரங்களின் மொத்த எடையில் இவை 1 சதவீதம்கூட வராது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளியேற்றுவதில் சுமார் கால் பங்கைக் கடல் இழுத்துக்கொள்கிறது. அது நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, உடனே பைகார்பனேட்டாகவும் ஹைட்ரஜன் அயனியாகவும் பிரிகிறது. அந்த அயனிகளில் பெரும்பாலானவை நீரில் ஏற்கெனவே இருக்கும் கார்பனேட்டோடு ஒட்டி அதையும் பைகார்பனேட்டாக்கிவிடும். ஆக, கரைந்த வாயு கூடுகிறது, பைகார்பனேட் கொஞ்சம் கூடுகிறது, அமிலத்தன்மை ஏறுகிறது, கார்பனேட் குறைகிறது. மேற்பரப்பு நீரின் பி.எச். (இது குறைந்தால் அமிலத்தன்மை கூடுகிறது என்று அர்த்தம்) 8.2-லிருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. பார்க்க அற்பமாகத் தெரியும், ஆனால் பி.எச். மடக்கை அளவுகோல் என்பதால் அந்த 0.1-க்குள் ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. (கடல் இன்னும் காரம்தான், எலுமிச்சைச் சாறு ஆகிவிடவில்லை. பயமுறுத்தும் தலைப்புகளை நம்ப வேண்டாம்.)

சரி, முதலில் நல்ல பாதியைப் பார்ப்போம். ஒளிச்சேர்க்கையில் கார்பனைப் பிடித்துக் கொடுக்கும் நொதி ரூபிஸ்கோ. மகா சோம்பேறி, நொடிக்கு ஒரு சில மூலக்கூறுகளைத்தான் பிடிக்கும், அதிலும் சில சமயம் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துத் தொலைக்கும். காற்றில் ஆக்சிஜன் அரிதாகவும் கார்பன் டை ஆக்சைடு தாராளமாகவும் இருந்த காலத்தில் உருவானது அது. இன்றைய கடல்நீரில் ஒரு லிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோமோல் வாயுதான் கரைந்திருக்கிறது, டயட்டம்கள் என்ற, சிலிக்கா ஓடு போர்த்திய நுண்பாசிகளின் ரூபிஸ்கோ பாதி வேகத்தில் ஓடுவதற்கே பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக வேண்டும். பைகார்பனேட்டோ நூறு மடங்குக்கு மேல் கிடக்கிறது, ஆனால் ரூபிஸ்கோ அதைத் தொடாது. அதனால் பெரும்பாலான நுண்பாசிகள் பைகார்பனேட்டை ஆற்றல் செலவழித்து உள்ளே இழுத்து, கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதியால் அதை மறுபடி வாயுவாக்கி, ரூபிஸ்கோவைச் சுற்றிச் செறிவாக்கி வைக்கின்றன. அந்த நொதிக்குத் துத்தநாகம் வேண்டும். துத்தநாகம் கிடைக்காத இடத்தில் ஒரு டயட்டம் காட்மியத்தை வைத்து ஓட்டுகிறது என்று கண்டுபிடித்தபோது பலருக்கு நம்பவே முடியவில்லை, ஏனென்றால் நமக்கெல்லாம் காட்மியம் சுத்த விஷம்.

வெளியே வாயு கூடினால் இந்த இழுப்பு வேலையைக் குறைத்துக்கொள்ளலாம், ஆற்றல் மிச்சம். அதிக லாபம் பெரிய செல்களுக்கு, ஏனென்றால் பெரிய உடம்பைச் சுற்றி இருக்கும் அசையாத நீர்ப்படலம் தடிமனானது, வாயு அதைக் கடந்து வரத் தாமதமாகும். 2014-இல் வந்த ஓர் ஆய்வில் கார்பன் டை ஆக்சைடைக் கூட்டியபோது சின்ன டயட்டம்களின் வளர்ச்சி வேகம் 5 சதவீதம் அளவுக்கும் மிகப் பெரியவற்றுக்கு 30 சதவீதம் வரையும் ஏறியது. கேள்வி கேட்பவர் இதோடு நிறுத்திக்கொண்டால் அவர் பக்கம்தான் நியாயம்.

ஆனால் இது போன்ற சோதனைகளில் பெரும்பாலும் சீரான விளக்கொளி, தேவைக்கு மேல் சத்து. கடல் அப்படி இல்லை. ஷியாமென் பல்கலைக்கழகத்தின் குன்ஷான் காவ் குழு தென் சீனக் கடல் நுண்பாசிகளையும், ஆய்வகத்தில் வளர்த்த டயட்டம்களையும் வெயிலில் வைத்துப் பார்த்து 2012-இல் எழுதியது: மங்கிய ஒளியில் கார்பன் டை ஆக்சைடு வளர்ச்சியைத் தூண்டுகிறது, ஒளி ஏற ஏற அதே வாயு வளர்ச்சியைக் குறைக்கிறது. காரணமாகச் சொல்லப்படுவது இது: பைகார்பனேட்டை இழுக்கும் வேலை, உபரி ஒளியாற்றலைச் செலவழிக்கும் ஒரு வழியாகவும் இருந்தது, அதைக் குறைத்ததும் மிஞ்சிய ஆற்றல், ஒளியைப் பிடிக்கும் புரதக் கூட்டமைப்பான ஒளியமைப்பையே சேதப்படுத்துகிறது. கடல் சூடாகும்போது மேல்நீரும் கீழ்நீரும் கலப்பது குறையும் என்பதால், நுண்பாசிகள் வெயில் அதிகம் படும் மேல் அடுக்கிலேயே சிக்கியிருக்கும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது இரும்புக் கதை. ஒளியமைப்பு ஒன்று என்ற ஒரே ஒரு கூட்டமைப்புக்கு மட்டும் 12 இரும்பு அணுக்கள் தேவை. அன்டார்க்டிகாவைச் சுற்றிய தென்பெருங்கடலிலோ நைட்ரேட் சத்து வேண்டிய மட்டும் இருந்தும் இரும்பு இல்லாததால் டயட்டம்கள் தவித்துக்கொண்டிருக்கின்றன. அவை இரும்பைப் பிடிக்கப் பயன்படுத்தும் ஒரு புரதம், நம் ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரினைப் போலவே வேலை செய்கிறது, இரண்டுமே இரும்பைப் பற்றிக்கொள்ள கூடவே ஒரு கார்பனேட் அயனி வேண்டும். 2018-இல் இதைக் காட்டினார்கள். இப்போது மேலே சொன்ன வேதியியலை நினைத்துப் பாருங்கள்: அமிலம் ஏறும்போது நீரில் குறைவது அந்தக் கார்பனேட்டேதான். உமிழ்வு இப்படியே கூடிக்கொண்டு போனால் இந்த நூற்றாண்டு முடிவுக்குள் மேல்நீரில் அது பாதியாகும் என்கிறார்கள். நீரில் இரும்பின் அளவு துளிகூட மாறாவிட்டாலும் செல்லின் கைக்கு வருவது குறையும். உணவைக் கூட்டிக் கொடுத்த அதே வாயு, அந்த உணவைச் சமைக்கத் தேவையான உலோகத்தைப் பிடுங்கிக்கொள்கிறது.

சுண்ணாம்புத் தகடுகளைப் போர்த்திக்கொள்ளும் காக்கோலித்தோஃபோர்கள் என்ற நுண்பாசிகளின் பாடு வேறு. பைகார்பனேட்டிலிருந்து சுண்ணாம்பு செய்யும்போதெல்லாம் செல்லுக்குள் ஒரு ஹைட்ரஜன் அயனி மிஞ்சும், அதைச் செல்சவ்வில் உள்ள வாயில்கள் வழியே வெளியே விட வேண்டும். தெருவில் வெள்ளம் ஏறினால் வீட்டுச் சாக்கடை வடியாதது மாதிரி, வெளியே அமிலம் ஏறினால் இதுவும் வடிவது மந்தமாகிவிடும். 2000-இல் ரீபசெல் குழு, இவற்றின் சுண்ணாம்பு உற்பத்தி குறைகிறது என்றது. 2008-இல் இக்லேசியாஸ் ரோட்ரிகஸ் குழு கூடுகிறது என்றது, அதுவும் அதே இனத்தை வைத்து. பெரிய சண்டை. ஒருவர் நீரில் அமிலமும் காரமும் ஊற்றிச் சரிக்கட்டினார், இன்னொருவர் வாயுவைக் குமிழாக விட்டார் என்று முறையைக் குறை சொன்னார்கள், விகாரங்கள் (ஒரே இனத்துக்குள் இருக்கும் வகைகள்) வேறு என்றும் சொன்னார்கள். என் பார்வையில் இரண்டும் ஒரே கோட்டின் இரண்டு துண்டுகள்: பைகார்பனேட் கொஞ்சம் கூடுவது உதவி, அமிலம் ஏறுவது உபத்திரவம், எது முந்துகிறது என்பது விகாரத்தையும் அளவையும் பொறுத்தது. நிறைய இனங்களில் அளவு கூடும்போது உபத்திரவம்தான் ஜெயிக்கிறது. 500 தலைமுறை அமில நீரிலேயே வளர்த்தபோது இழந்த சுண்ணாம்பில் ஒரு பகுதியை இவை மீட்டுக்கொண்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும், பரிணாமம் சும்மா உட்கார்ந்திருக்காது.

நம் பக்கக் கடலிலும் இதே இழுபறி உண்டு. வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் திட்டுத் திட்டாகப் படரும் டிரைக்கோடெஸ்மியம் என்ற நுண்பாசி, நைட்ரஜன் வாயுவை நிலைநிறுத்தி, அதாவது சத்தாக மாற்றி, மற்ற பாசிகளுக்கும் உரம் கொடுப்பது. கார்பன் டை ஆக்சைடு கூடினால் இது செழிக்கும் என்று 2007-இல் வந்த முடிவு நம்பிக்கை கொடுத்தது. 2017-இல் வேறொரு குழு, இரும்பு பற்றாத நீரில் அமிலத்தின் கெடுதல் வாயுவின் நன்மையை மிஞ்சிவிடுகிறது என்று காட்டி, முந்தைய சோதனைகளின் வளர்ப்பு நீரிலேயே கோளாறு இருந்திருக்கலாம் என்றது. முதல் குழு அதை ஏற்காமல் மறுப்பு எழுதியது.

டயட்டம்களின் ஓடு சிலிக்காவால் ஆனது, சுண்ணாம்பு இல்லை, அதனால் அமிலம் அதை என்ன செய்துவிடும் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். ஜெர்மனியின் ஜியோமார் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் கடலில் பெரிய பைகளைக் கட்டிவைத்துச் செய்த சோதனைகளை ஒன்றாக அலசி 2022-இல் சொன்னது எதிர்பாராதது: அமிலம் ஏறிய நீரில் சிலிக்கா மெதுவாகக் கரைகிறது. செத்த ஓடுகள் மேலேயே கரையாமல், அடுத்த தலைமுறைக்கும் கிடைக்காமல் ஆழத்துக்குப் போய்விடுகின்றன, மேல்நீரில் சிலிக்கா வற்றுகிறது. அவர்கள் மாதிரிக் கணக்கில் 2200-க்குள் உலக டயட்டம்கள் 13 முதல் 26 சதவீதம் குறைகின்றன. ஆழ்கடல் நீர் மேலே திரும்பிவர நூற்றாண்டுகள் ஆகும் என்பதால், கீழே போன சிலிக்கா சீக்கிரம் திரும்பாது, 2100-க்கு அப்பாலும் இந்தச் சரிவு தொடர்கிறது.