அப்கிரேட் போட்டதும் நம் திருத்தம் எங்கே போகிறது?

தலவாக்கலைப் பக்கம் ஒரு பாடசாலையின் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் கேட்டிருக்கிறார்: "கடந்தகால வினாத்தாள் எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்கில் இருக்கு. டிஸ்க் தயாராக முன்னமே வெப் சேர்வர் தொடங்கிவிடுது என்று சேர்வரை எப்படித் தொடங்குவது என்று சொல்லும் சர்வீஸ் கோப்பைத் திருத்தி வைத்தேன். உபுண்டு இயங்குதளத்தை அப்கிரேட் பண்ணினதும் திருத்தத்தைக் காணவில்லை." ராகு காலத்தில் அப்கிரேட் போட்டதுதான் காரணம் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னாராம். ராகு பாவம், அவருக்கு இதில் வேலையே இல்லை, கோப்பு இருந்த இடம்தான் காரணம்.

இயங்குதளத்தின் மையமான கேர்னல் எழுந்ததும் முதலில் ஓடும் நிரல் இனிட், மற்றதையெல்லாம் தொடக்கிவிடுவது அதுதான். உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனின் பழைய பதிப்புகளில் தொடக்க ஸ்கிரிப்டுகள் அமைப்புக் கோப்புகளுக்கான '/இடிசி' கோப்புறைக்குள் இருந்தன, நாம் கைவைத்த கோப்புக்குப் புதுப் பதிப்பு வந்தால் "உன்னுடையதா, புதியதா?" என்று கேட்கும், எதைச் சொன்னாலும் மற்றது பயன்பாட்டுக்கு வராது. 2015இல் டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டும் சிஸ்டம்டி என்ற புதிய இனிட்டுக்கு மாறின.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். மென்பொருள் பொதியோடு வரும் சர்வீஸ் கோப்பு '/யுஎஸ்ஆர்/லிப்'புக்குள் கிடக்கிறது, அதில் நீங்கள் எழுதினால் அடுத்த அப்டேட் கேட்காமலே அழித்துவிடும். ஆனால் 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' என்று சர்வீஸின் பெயரோடு கொடுத்தால் '/இடிசி'க்குள் ஒரு சின்னக் கோப்பு திறக்கும், வித்தியாசமான வரியை மட்டும் அதில் எழுதினால் போதும், இரண்டையும் சிஸ்டம்டி சேர்த்து வாசித்துக்கொள்ளும். வரைபடத்தின் மேல் ட்ரேசிங் தாள் விரித்துக் கோடு போடுவது மாதிரி, அடியில் வேறு படம் வைத்தாலும் கோடு உங்களிடமே இருக்கும். ஆசிரியருக்குத் தேவை 'யூனிட்' பகுதியில் ஒரே வரி: 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=', அதன் பின் டிஸ்க் இணைக்கப்படும் (மவுண்ட் ஆகும்) கோப்புறையின் பாதை, அது இணைந்த பிறகே சர்வீஸ் தொடங்கும். ஏற்கெனவே உள்ள நிபந்தனைகளோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். சர்வீஸைத் தொடக்கும் கட்டளையைச் சொல்லும் 'எக்ஸெக்ஸ்டார்ட்=' மட்டும் அப்படியல்ல, முதலில் வெறுமையாக ஒருமுறை எழுதிப் பழையதைத் துடைத்துவிட்டுத்தான் புதியதை எழுத வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கட்டளை இருக்கிறது என்று சர்வீஸ் தொடங்கவே மறுக்கும்.

அறையிலுள்ள மற்றக் கணினிகளுக்கும் அந்தச் சின்னக் கோப்பைப் பிரதி எடுத்தால் சரி. ஒரு சர்வீஸ் ஒரு கணினியில் மட்டும் ஓட வேண்டுமா, 'கண்டிஷன்ஹோஸ்ட்=' என்று அதன் பெயரைப் போடுங்கள், மற்றவை பிழை காட்டாமல் தாண்டிப் போகும். கணினி கொடுக்கும்போது மாலை, மேளம், படம் எல்லாம் உண்டு, அதைப் பராமரிக்கிறவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் யாரும் காசு ஒதுக்குவதில்லை!

அப்கிரேட் முடிந்த கையோடு 'சிஸ்டம்டி-டெல்டா' ஓட்டிப் பாருங்கள், எந்தெந்தக் கோப்பின் மேல் உங்கள் திருத்தம் இருக்கிறது என்று காட்டும். அதில் 'எக்ஸெக்ஸ்டார்ட்=' மாற்றியது ஏதும் இருந்தால் புதுப் பதிப்பின் வரியோடு ஒப்பிடுங்கள், ஏனென்றால் அவர்கள் அங்கே புதிதாகச் சேர்த்தது உங்களிடம் வந்திருக்காது.